நம் புத்தகத்தின் திருட்டு பிடிஎஃப் கூகுளில் வருகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் எழுதுகிறவர்களும் சிறு பதிப்பகம் நடத்துகிறவர்களும் சந்திக்கும் தலைவலி இது. புத்தகம் வந்து சில வாரம்கூட ஆகியிருக்காது. அதன் பெயரைக் கூகுளில் தட்டினால் பக்கத்திலேயே ‘பிடிஎஃப் டவுன்லோட்’ என்று சேர்த்துக் காட்டும். பதிப்பகங்களுக்காக நீக்கக் கோரிக்கைகளை அனுப்பிவருபவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நீதிமன்றம் வரை போகும் நிலை வந்தால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

கூகுளில் நீக்கச் சொன்னால் அந்த பிடிஎஃப் இணையத்திலிருந்தே போய்விடுமா?

போகாது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். கூகுளிடம் அந்தக் கோப்பு இல்லை. அது இருக்கும் பக்கத்துக்கு ஓர் இணைப்பை மட்டுமே கூகுள் காட்டுகிறது. நம் கோரிக்கையை ஏற்றால் அந்த இணைப்பு தேடல் முடிவுகளில் வராது, அவ்வளவுதான். கோப்பு அதே இடத்தில் இருக்கும். முகவரி தெரிந்தவர் நேராகப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். புத்தகத்தின் பெயரைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் திருட வந்தவர்கள் அல்ல. யாரோ நல்ல நாவல் என்று சொல்லியிருப்பார்கள், எங்கே கிடைக்கும் என்று பார்க்க வந்திருப்பார்கள். அவர்களுக்கு முதல் வரியில் இலவச பிடிஎஃப்பும் மூன்றாவது வரியில் உங்கள் பதிப்பகக் கடையும் தெரிந்தால் பாதிப் பேர் முதல் வரியைத்தான் தட்டுவார்கள். அந்த முதல் வரியை எடுத்துவிட்டால் அவர்கள் கடைக்கு வருவார்கள். தேடலில் நீக்கம் கேட்பது இவர்களுக்காகத்தான். எப்படியும் காசு கொடுக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தவரை எந்தப் படிவத்தாலும் தடுக்க முடியாது.

ஆகவே இரண்டு இடத்துக்கும் எழுதுங்கள். கோப்பை வைத்திருக்கும் சேவைக்கு ஒரு கோரிக்கை, தேடுபொறிக்கு ஒரு கோரிக்கை. முதலாவது பலித்தால் இரண்டாவது தேவையே இருக்காது. ஆனால் கோப்பை வைத்திருப்பவர்கள் பல நேரம் பதிலே போட மாட்டார்கள். தேடுபொறி பதில் போடும்.

அமெரிக்கச் சட்டத்தைக் காட்டி ஒரு தமிழ் எழுத்தாளர் கேட்டால் கூகுள் கேட்குமா?

கேட்கும். 1998-இல் அமெரிக்காவில் வந்த டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டத்தின் 512-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. பயனர்கள் ஏற்றியதற்கும், தேடுபொறி காட்டும் இணைப்புகளுக்கும் அந்தந்த நிறுவனத்தைப் பொறுப்பாளி ஆக்குவதில்லை. பதிலுக்கு, உரிமையாளர் முறைப்படி அறிவித்தால் உடனே அகற்ற வேண்டும். சட்டம் செய்துவைத்த ஏற்பாடு இதுதான். அந்தப் பாதுகாப்பை இழக்க எந்த நிறுவனமும் விரும்பாது.

நீங்கள் அமெரிக்கக் குடிமகனாக இருக்கத் தேவையில்லை. அங்கே பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்கவும் தேவையில்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இரு நாடுகளும் உறுப்பினர்கள் என்பதால் சென்னையில் அச்சான புத்தகத்துக்கும் அங்கே பாதுகாப்பு உண்டு. இந்தியாவிலும் பதிவு கட்டாயமில்லை; எழுதி முடித்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது.

இந்தியச் சட்டத்தில் வழியே இல்லையா?

இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தமும், அதையொட்டி வந்த 2013-ஆம் ஆண்டு விதிகளில் 75-ஆவது விதியும் இதைப் பற்றித்தான் பேசுகின்றன. எழுத்து மூலம் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்தைக் காட்டும் நிறுவனம் அதற்கான அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாள் வரை அந்தத் தடை இருக்கும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் அவர்கள் பழையபடி திறந்துவிடலாம்.

சிக்கல் அந்த 21 நாளில் இருக்கிறது. வழக்குத் தொடர்ந்து ஆணையைக் கொண்டுவந்து காட்டுவேன் என்று புகாரிலேயே நீங்கள் உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஐந்நூறு பிரதி அச்சிடும் பதிப்பாளர் ஒவ்வொரு இணைப்புக்கும் வழக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அதனால்தான் நம் ஊர்க்காரர்களும் அமெரிக்கச் சட்டத்தின் படிவத்தையே நிரப்புகிறார்கள். நம் விதியைச் சிறு உரிமையாளர்களுக்கு உதவும்படி மாற்றி எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோரிக்கையை எழுத்தாளர் அனுப்ப வேண்டுமா, பதிப்பாளரா?

உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர், அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர். சொல்ல எளிது, தமிழ்ப் பதிப்புலகில் பதில் காண்பது கடினம். நம்மிடம் வாய்மொழி ஒப்பந்தங்கள்தான் அதிகம். ‘அண்ணே, நீங்களே போட்டுக்கோங்க’ என்று எழுத்தாளர் சொல்லியிருப்பார். அதை நம்பிப் புத்தகம் மூன்று பதிப்பு கண்டிருக்கும்.

சட்டம் அதை ஏற்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எழுதியிருந்தும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். ஆக, 2015-இல் காலம் போடாமல் எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இன்று ‘நானே உரிமையாளர்’ என்று பதிப்பாளர் படிவத்தில் எழுதினால் அது உண்மையல்ல.

தீர்வு ஒரு பக்கக் கடிதம். ‘என் இந்தந்த நூல்களுக்கு இணையத்தில் உரிமை மீறல் புகார் அனுப்ப இன்னாருக்கு அதிகாரம் அளிக்கிறேன்’ என்று எழுத்தாளரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு நூலென்றால் மொழிபெயர்ப்பாளருக்குத் தன் மொழிபெயர்ப்பில் உரிமை உண்டு, அவரையும் கேளுங்கள். எழுத்தாளர் மறைந்திருந்தால் வாரிசுகளிடம் வாங்க வேண்டும். மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும்.

நாட்டுடைமை ஆன நூல்களுக்கு?

அனுப்பக் கூடாது. பாரதியின் எழுத்துகளில் தொடங்கி எத்தனையோ பேருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது, குடும்பத்துக்குத் தொகையும் கொடுத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இணையத்தில் வைக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் பழந்தமிழ் நூல்களோடு இப்படிப்பட்ட நூல்களையும் ஏற்றிவைத்திருக்கின்றன. ‘எங்கள் பதிப்பின் வாக்கியங்கள் அப்படியே இருக்கின்றன’ என்று அவற்றின்மேல் புகார் அனுப்புவது அநியாயம். உங்கள் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அட்டை ஓவியமும் வேறு. உங்கள் பதிப்பை அட்டையோடு ஸ்கேன் செய்து போட்டிருந்தால் அந்தப் பகுதிகளுக்காகக் கேட்கலாம்.

படிவத்தில் என்ன எழுத வேண்டும்?

கூகுளின் சட்ட உதவிப் பக்கத்தில் ‘உள்ளடக்கத்தை நீக்கக் கோருதல்’ என்ற பகுதிக்குப் போய், முதலில் எந்தச் சேவை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தேடல், டிரைவ், பிளாக்கர், யூடியூப் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படிவம். டிரைவில் கிடக்கும் கோப்புக்குத் தேடல் படிவத்தை நிரப்பிவிட்டு, கோப்பு இன்னும் திறக்கிறதே என்று கேட்பவர்கள் நிறைய.

தேடல் படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் முக்கியம். முதலாவது, உங்கள் படைப்பு எது என்ற விவரிப்பு. இங்கே நூல் பெயரைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் எழுதுங்கள். ஆசிரியர் பெயர், பதிப்பகம், முதல் பதிப்பு ஆண்டு, ஐஎஸ்பிஎன் எண் எல்லாம் வரட்டும். படிப்பவருக்குத் தமிழ் தெரியும் என்று எண்ணிக்கொள்ளாமல் எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினால் போதும். சட்டப் பிரிவுகளை அடுக்கவோ கோபத்தைக் கொட்டவோ வேண்டாம்.

இரண்டாவது, முறையான பிரதியை எங்கே பார்க்கலாம் என்ற கட்டம். பதிப்பகக் கடையின் அந்த நூலுக்கான பக்கத்தைக் கொடுங்கள், முகப்புப் பக்கத்தை அல்ல. அட்டைப்படமும் ஆசிரியர் பெயரும் அங்கே தெரிய வேண்டும்.

மூன்றாவதுதான் மீறல் நடக்கும் முகவரி. வரிக்கு ஒரு முகவரியாகப் பலவற்றை ஒரே படிவத்தில் சேர்க்கலாம். பெரும்பாலான கோரிக்கைகள் தோற்பது இங்கேதான். கூகுள் முடிவுப் பக்கத்தின் முகவரியைக் கொடுப்பார்கள், அது பயன்படாது. தளத்தின் முகப்பை மட்டும் கொடுப்பார்கள். அதில் உங்கள் நூல் இல்லையென்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். முடிவைத் திறந்து, புத்தகம் இருக்கும் பக்கம் முழுமையாக வந்தபின், மேலே உள்ள முகவரிப் பட்டையிலிருந்து எடுக்க வேண்டும். முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால் காப்பி செய்து ஒட்டும்போது சதவீதக் குறியும் எண்களுமாக நாலு வரிக்கு நீளும். ஏதோ தப்பு என்று அந்த வாலை வெட்டிவிடாதீர்கள். அதுதான் முகவரி. ஓர் எழுத்து குறைந்தாலும் அது வேறு பக்கம்.

அந்தப் பக்கங்களைத் திறக்கும்போது எச்சரிக்கை வேண்டும். ‘டவுன்லோட்’ என்று நாலைந்து பச்சைப் பொத்தான்கள் மினுங்கும்; பல, விளம்பரத்துக்கோ வைரஸ் கோப்புக்கோ இழுத்துப்போகும். எதையும் தட்ட வேண்டாம். திரைப்பிடிப்பு எடுத்துவைத்தால் போதும்.

கடைசியில் உறுதிமொழிகள் வரும். நம்பிக்கையோடுதான் புகார் செய்கிறேன், உரிமையாளர் சார்பில் பேச எனக்கு அதிகாரம் உண்டு என்று சொல்கிறீர்கள். பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டே இந்த அதிகாரத்தைச் சொல்கிறீர்கள். மேலே சொன்ன கடிதம் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். தொடக்கத்தில் கொடுத்த பெயரையே எழுத்துப் பிசகாமல் கையெழுத்துக் கட்டத்திலும் தட்டுங்கள்.

என் பெயர் வெளியே தெரியுமா?

தெரியும். கூகுள் தனக்கு வரும் கோரிக்கைகளின் பிரதியை ஹார்வர்டின் பெர்க்மன் கிளைன் மையத்தோடு தொடர்புடைய லூமென் என்ற தரவகத்துக்கு அனுப்புகிறது. 2002-இல் சயன்டாலஜி திருச்சபை என்ற அமெரிக்க அமைப்பு, தன்னை விமர்சித்த ஒரு தளத்தின் பக்கங்களைத் தேடலிலிருந்து நீக்கவைத்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. யார் எதை நீக்கச் சொன்னார்கள் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில் அப்போது தொடங்கிய வழக்கம் இது. சில தேடல்களில் பக்கத்தின் அடியில், புகார் வந்ததால் ஒரு முடிவை நீக்கியிருக்கிறோம் என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அதைத் தட்டினால் லூமெனுக்குத்தான் போகும்.

தொலைபேசி, மின்னஞ்சல் போன்றவற்றை மறைத்துவிடுவார்கள். பெயர் நிற்கும். புனைபெயரில் எழுதுகிறவர்கள் பதிப்பகத்தின் பெயரில் அனுப்புவது நல்லது. கோரிக்கைகளை இப்படிப் பொதுவில் வைப்பது சரி என்றே நினைக்கிறேன். ஒரு பக்கத்தைப் பொதுப் பார்வையிலிருந்து அகற்றும் அதிகாரத்தைப் பயன்படுத்துகிறவர் தன் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்று நீக்கினால் நாளை வேறு முகவரியில் முளைக்கிறதே?

முளைக்கும். தமிழ்ராக்கர்ஸ் தளம் பல ஆண்டுகள் பிழைத்ததே இப்படித்தான். ஒரு பெயரை முடக்கினால் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த பெயரில் வந்து நிற்கும். புத்தகத் தளங்களும் அதே வழியில் போகின்றன.

ஆனால் கோரிக்கைகள் வீணாவதில்லை. ஒரு தளத்தின்மேல் செல்லத்தக்க கோரிக்கைகள் எவ்வளவு வந்திருக்கின்றன என்பதையும் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்போம் என்று 2012 ஆகஸ்ட்டில் கூகுள் அறிவித்தது. 2014-இல் அதை இன்னும் கடுமையாக்கியது. அதாவது உங்கள் கோரிக்கை உங்கள் நூலின் பக்கத்தை நீக்குவதோடு நிற்காமல் அந்தத் தளம் முழுவதையும் கொஞ்சம் கீழே தள்ளுகிறது. பத்துப் பதிப்பகங்கள் ஒரே தளத்தின்மேல் முறையாக அனுப்பினால் அதன் பலன் பெரிது. பதிப்பாளர் சங்கங்கள் இதைக் கூட்டாகச் செய்ய வேண்டும் என்று பார்க்கும் இடத்திலெல்லாம் சொல்லிவருகிறேன். தேடலில் இன்னும் ஏறாத முகவரியையும் கூகுள் ஏற்றுக்கொள்கிறது. பின்னால் அது ஏற வந்தாலும் காட்டாது.

மாதம் ஒருமுறை நூல் பெயரோடு ‘பிடிஎஃப்’ சேர்த்துத் தேடிப் பார்ப்பது ஒரு பழக்கமாக வேண்டும். தமிழிலும் தேடுங்கள், தங்கிலீஷிலும் தேடுங்கள். ஒரே பெயரை நாலு விதமாக எழுதிவைத்திருப்பார்கள்.

சினிமாக்காரர்கள் தளத்தையே முடக்குகிறார்களே, நாமும் செய்ய முடியாதா?

அவர்கள் நீதிமன்றம் போகிறார்கள். யாரென்றே தெரியாதவர்கள்மேல் முன்கூட்டியே வாங்கும் தடையாணைக்கு வெளிநாட்டில் ‘ஜான் டோ’ என்றால் இங்கே ‘அசோக் குமார்’ ஆணை. 2012-இல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய ஆணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற முறையான காணொளித் தளங்களையே ஒட்டுமொத்தமாக மூடிவிட்டன. பெரும் கண்டனம் எழுந்தது. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் முடக்கினால் போதும் என்று அந்த ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், திருட்டே தொழிலாக நடக்கும் தளங்களை முழுதாக முடக்கலாம், அவற்றின் நகல் தளங்கள் முளைக்கும்போது புது வழக்கில்லாமலே பட்டியலில் சேர்க்கலாம் என்று வழிவகுத்தது.

படங்களுக்கு இப்போது இன்னொரு வழியும் உண்டு. 2023-இல் திருத்திய திரைப்படச் சட்டத்தின் கீழ் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 12 அதிகாரிகளை நியமித்தது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்றது. புத்தகத்துக்கு இப்படி எதுவும் இல்லை.

என் நூலை மோசமாக விமர்சித்த பதிவை இதே வழியில் நீக்கலாமா?

கூடாது, கூடவே கூடாது. விமர்சனத்துக்காக மேற்கோள் காட்டுவதை நம் சட்டத்தின் 52-ஆவது பிரிவே அனுமதிக்கிறது. தெரிந்தே பொய்யாகப் புகார் செய்தால் டிஎம்சிஏவின் 512-ஆவது பிரிவின்படி இழப்பீடு கட்ட நேரும். 2007-இல் ஒரு தாய், தன் குழந்தை பாட்டுக்கு ஆடும் 29 வினாடிக் காட்சியை யூடியூபில் போட, இசை நிறுவனம் அதை நீக்கவைத்தது. அவர் தொடுத்த வழக்கில், நியாயமான பயன்பாடா என்று யோசித்த பிறகே புகார் அனுப்ப வேண்டும் என்று 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முறைகேடு தொழிலாகவே நடக்கிறது. 65 கணக்குகளைத் திறந்து, போட்டி வியாபாரிகளின் பக்கங்கள்மேல் 1 லட்சத்துக்கும் அதிகமான முகவரிகளுக்குப் பொய்ப் புகார் அனுப்பியதாகச் சிலர்மேல் 2023 நவம்பரில் கூகுளே வழக்குப் போட்டது. வேண்டாத செய்திக் கட்டுரையை நகலெடுத்து, பழைய தேதி போட்டு ஒரு பிளாக்கில் ஏற்றி, ‘இதுதான் அசல்’ என்று சொல்லி உண்மையான செய்தியையே நீக்கவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், அக்கறையின்மை. 2016-இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காக வேலை பார்த்தவர்கள், மென்பொருளை நம்பி, வார்னரின் சொந்தத் தளப் பக்கங்களையே நீக்கச் சொல்லி கூகுளுக்கு எழுதினார்கள். கூகுள் தேடலில் இதுவரை நீக்கக் கேட்ட முகவரிகள் 1000 கோடியைத் தாண்டிவிட்டன. அவ்வளவையும் ஒவ்வொன்றாக மனிதர்கள் பார்ப்பது நடக்காத காரியம். அதனால் நாம் அனுப்புவதில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் அனுப்பக் கூடாது.

என் பக்கத்தையே யாரோ பொய்ப் புகாரில் நீக்கிவிட்டார்கள். என்ன செய்வது?

எதிர் அறிவிப்பு அனுப்புங்கள். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தை இணைத்திருந்தால் அங்கே தகவல் வந்திருக்கும். புகாரின் பிரதியை லூமெனில் பாருங்கள். நீங்கள் எழுதிய தேதிக்கான ஆதாரத்தைச் சேர்த்து, தவறாக நீக்கப்பட்டது என்று உறுதிமொழியோடு எழுத வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் புகார் செய்தவருக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். கோப்புகளை வைத்திருக்கும் சேவைகளில், புகார்தாரர் வழக்குத் தொடராவிட்டால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் திரும்ப வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.

டெலிகிராமும் யூடியூபும்?

யூடியூபில் உங்கள் நாவலை முழுதாக வாசித்து ஒலிப்புத்தகமாகப் போட்டிருப்பார்கள். பலருக்கு அது தவறென்றே தெரியாது. தமிழுக்குச் சேவை என்று நினைத்திருப்பார்கள். அங்கே ஏழு நாள் அவகாசம் கொடுத்து நீக்கச் சொல்லும் வசதி உண்டு. அவர்களே எடுத்துவிட்டால் சேனலுக்குத் தண்டனைப் புள்ளி விழாது. முதல் தடவை அதையே பயன்படுத்துங்கள்.

டெலிகிராம் கடினம். குழுக்களுக்குள் இருப்பது தேடலிலும் வராது. ஆனால் 2022 ஆகஸ்ட்டில் ஒரு பயிற்சி ஆசிரியரின் பாடநூல்களைப் பரப்பிய வழக்கில், அந்தச் சேனல்களை நடத்துபவர்களின் விவரத்தைத் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, டெலிகிராமும் கொடுத்தது.

பிங்?

பிங் மைக்ரோசாஃப்டின் தேடுபொறி, அதற்குத் தனிப் படிவம். டக்டக்கோ போன்ற தேடுபொறிகள் பிங்கின் முடிவுகளைப் பெருமளவு பயன்படுத்துவதால் அங்கேயும் பலன் தெரியும்.

இதைச் செய்து தர நிறுவனங்கள் பணம் கேட்கின்றன. கொடுக்கலாமா?

படிவங்கள் எல்லாம் இலவசம். நூறு நூல்களுக்குமேல் இருந்து, பார்க்க ஆள் இல்லையென்றால் யோசிக்கலாம். அப்போதும் அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு முகவரியையும் பட்டியலாகக் கேட்டு வாங்குங்கள். தவறு நேர்ந்தால் லூமெனில் உரிமையாளர் என்று உங்கள் பெயர்தான் நிற்கும்.

அச்சில் இல்லாத புத்தகத்தை பிடிஎஃப்பில் தேடும் வாசகரையும் திருடர் என்பீர்களா?

சொல்ல மாட்டேன். இருபது வருடமாக மறுபதிப்பு வராத நூலைப் படிக்க ஆசைப்படுகிறவர் எங்கே போவார்? உரிமை இருக்கும்வரை அனுமதியில்லாமல் பரப்புவது சட்டப்படி தவறுதான், நீக்கக் கேட்கலாம்தான். ஆனால் படிவத்தில் அந்த இரண்டாவது கட்டத்துக்கு வரும்போது, முறையான பிரதி எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு அந்தப் பதிப்பாளரிடம் கொடுக்க ஓர் இணைப்பும் இருக்காது. கையில் விற்பனைக்கு ஒரு பிரதிகூட இல்லாமல், இணையத்தில் கிடைக்கும் ஒரே பிரதியையும் மறைத்தால் வாசகருக்கும் லாபமில்லை, எழுத்தாளருக்கும் காசில்லை. இப்படிப்பட்ட நூலோடு என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் மின்னூலாகவாவது கொண்டுவாருங்கள், அந்தப் பக்கம் கூகுளில் ஏறட்டும், அதன்பின் நீக்கக் கோரிக்கையை அனுப்பலாம் என்றுதான் சொல்கிறேன்.